அளவில் அகப்படாத வளைவு

என் மருமகள் கணக்குப் படித்தவள். கணக்கு என்றதும் கூட்டல் பெருக்கல் என்று நினைத்துவிட வேண்டாம், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். சன்னலுக்குத் திரைத்துணி எத்தனை மீட்டர் வேண்டும் என்று கடைக்காரன் கேட்டால் என் முகத்தைப் பார்க்கிறவள் அவள். அவளுடைய கணக்கில் எண்களே கிடையாது. எழுத்துகள், எழுத்துகளின் தலையில் எழுத்துகள், காலடியில் எழுத்துகள். ஒரு பக்கம் முழுக்க எழுதிவிட்டுக் கடைசியில் பூஜ்யம் என்று போடுவாள். இவ்வளவு மெனக்கெட்டு வந்தது பூஜ்யமா என்று கேட்டால், பூஜ்யம் வரவேண்டும் என்றுதான் மாமா இவ்வளவு மெனக்கேடு என்பாள்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைத் தலைமுழுகியவன். டிங்கர் வேலை. எதிலாவது மோதிக்கொண்டு வரும் வண்டிகளின் ஒடுக்கை எடுத்து, தகரத்தைப் பழையபடி ஆக்குவது. முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் இரண்டு அறை, நடுவில் ஒரு கதவு. அறைகளிலும் பெயிண்ட் வாசம்தான் அடிக்கும். பட்டறையின் மறுபாதியில் பெயிண்டர் இருக்கிறான். நான் தட்டிக் கொடுப்பதை அவன் பூசி மறைப்பான். வாயை மூடிக்கொண்டு வேலை செய்யத் தெரியாதவன்.

என் மகன் வயரிங் வேலை பார்த்தான். கல்லூரியில் மின்விசிறி மாட்டப் போன இடத்தில் இவளைப் பார்த்துப் பேசி, கல்யாணம் வரைக்கும் கொண்டுவந்துவிட்டான். உன்னிடம் அவள் என்னத்தைக் கண்டாள் என்று கேட்டேன். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு படித்தவள் தகரப் பட்டறைக்குப் பின்னால் குடிவர வேண்டுமென்றால் அதில் ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அது என்னவென்று கண்டுபிடிப்பதற்குள் அவன் போய்விட்டான். மழை நாளில் மின்கம்பத்தில் ஏறியவனை மற்றவர்கள்தான் இறக்கினார்கள்.

அந்த மாதம் முடிவதற்குள் அவள் பெட்டியைத் தூக்கிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். பெயிண்டரும் அதையேதான் சொன்னான். அவள் போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை. காலையில் எனக்கு டீ போட்டு வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போனாள், சாயங்காலம் வந்து அறைக்குள் உட்கார்ந்து எழுதினாள். ஏன் இருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. காரணம் தெரியாமல் வருகிற நல்லதை நான் நம்புவதில்லை. கேட்டுவிட்டால் அவளுக்கே ஞாபகம் வந்து கிளம்பிவிடுவாளோ என்றும் இருந்தது.

கல்லூரியில் அவளுடையது தற்காலிக வேலை. வருடா வருடம் நீட்டிப்பார்கள். இந்த வருடம் அந்த இடத்தையே நிரந்தரமாக்கப் போவதாகச் செய்தி வந்தது. கிடைத்தால் அவள் இந்த ஊரிலேயே இருப்பாள். கிடைக்காவிட்டால் இனி நீட்டிப்பும் கிடையாது, வேறு ஊரில்தான் வேலை தேட வேண்டும். டம்ளரைக் கழுவிக்கொண்டே இதை என்னிடம் சொன்னாள். சரி என்றேன். ஆனால் அன்றிலிருந்து அந்த வேலை அவளைவிட எனக்குத்தான் வேண்டியிருந்தது. அவள் போய்விட்டால் பின்னால் இருக்கும் இரண்டு அறையில் நானும் என் இருமலும்தான்.

வேலை தருவதற்கு முன்னால், தான் புதிதாகக் கண்டுபிடித்ததை அவள் ஒரு குழுவின் முன் பேசிக் காட்ட வேண்டும். கண்டுபிடித்தது என்று ஒன்று அவளிடம் இருந்தது. வந்த நாளிலிருந்து அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய துறைத் தலைவர் அதைப் பார்த்துவிட்டு, இதனால் கல்லூரிக்கே பெயர் வரும் என்றாராம். நான் அவரை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். பத்தடிக்கு முன்னாலேயே சென்ட் வாசம் வந்துவிடும். எங்களுக்குள் அவருக்குச் சென்ட்டு சார் என்று பெயர். இவ்வளவு வாசம் பூசுகிறவர் எதையோ மறைக்கிறார் என்றேன். வேர்வையை மறைக்கிறார் மாமா, பாவம் என்றாள்.

அப்படி என்னதான் கண்டுபிடித்தாய் என்று ஒருநாள் கேட்டேன். ஒரு காரின் பானட்டைக் கழற்றி மேசைமேல் போட்டிருந்தேன். சாக்பீஸை எடுத்து அதன் மேலேயே கோடு போட ஆரம்பித்துவிட்டாள். இந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தால் ஒரு அளவு, அந்தப் பக்கம் நகர்ந்தால் இன்னொரு அளவு, இரண்டும் சேர்ந்துதான் மொத்தத் தூரம். அது எனக்கும் தெரியும். நாம் இருக்கும் இடத்தில் எல்லாத் திசையும் இப்படிக் கூட்டத்தான் செய்யும், அவள் படிக்கும் இடத்தில் சில திசைகள் கழிக்கும் என்றாள். கழிக்கிற திசை எது, எனக்குக் காட்டு என்றேன். நேரம் என்றாள்.

அங்கே ஒரு விளக்கு எரிகிறது, வெளிச்சம் இங்கே என் கண்ணுக்கு வருகிறது. வந்த தூரத்தைக் கூட்டி, ஆன நேரத்தைக் கழித்தால் அந்த இரண்டுக்கும் நடுவில் அளவு பூஜ்யம். அங்கிருந்து இங்கே வந்திருக்கிறது, அது எப்படிப் பூஜ்யமாகும் என்று நான் விடவில்லை. அளவு பூஜ்யம் என்பதற்காக அங்கே ஒன்றுமில்லை என்று நினைத்துவிடக் கூடாது, மாணவர்கள் எல்லாரும் தடுக்கி விழுவது அங்கேதான், ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் இதைத்தான் சொல்லுகிறேன் என்றாள்.

அந்த மாதிரி இடத்துக்குள்ளே ஒரு தகடு இருக்கிறது. அதன்மேல் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் தூரம் கூடும், கழியவே கழியாது. நேரம் என்பதே அந்தத் தகட்டில் கிடையாது. அதனால் அதன்மேல் ஒரு புள்ளியில் இருப்பவன் இன்னொரு புள்ளியில் இருப்பவனுக்குச் சேதி அனுப்ப முடியாது, வெளிச்சத்தை அனுப்பினால்கூடப் போய்ச் சேராது.

“அப்ப நம்ம வீடு மாதிரின்னு சொல்லு” என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். என் மகன் போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கிட்டத்தட்ட அப்படித்தான் மாமா என்றாள்.

தகடு என்றதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. மட்கார்டில் சில இடம் உண்டு, நீளவாக்கில் மேலே வளையும், குறுக்குவாக்கில் கீழே வளையும், குதிரைச் சேணம் மாதிரி. அதேதான் என்றாள். மேலே வளைவதும் கீழே வளைவதும் எல்லா இடத்திலும் சரிக்குச் சரியாக இருந்து, தகட்டுக்கு ஓரமே இல்லாமல் போய்க்கொண்டே இருந்தால், அதில் உண்மையில் வளைவு இருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. இருக்க முடியாது என்று அவள் நிரூபித்திருக்கிறாள். சுற்றியிருக்கும் வெளி என்னவோ வளைந்ததுதான், தகடும் அதோடு போகும், ஆனால் தானாக ஒரு வளைவைச் சேர்த்துக்கொள்ளாது. தகட்டைவிட்டு வெளியே போகும் திசைகள் எல்லாமே கழிக்கிற திசைகளாக இருந்தால் இது சரி என்று அவள் பிறப்பதற்கு முன்பே ஒருவர் காட்டிவிட்டாராம். வெளித்திசைகளில் கூட்டுவதும் கழிப்பதும் கலந்திருந்தாலும் சரிதான் என்று காட்டியது இவள். அந்த ஒன்றுதான் இவளுடையது.

கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை ஓட்டினால் எவ்வளவு சின்ன வளைவாக இருந்தாலும் நான் சொல்லிவிடுவேன் என்றேன். அவள் மரியாதையாகத் தலையாட்டினாள். பானட்டைத் துடைக்கும்போது, அந்தக் கோடுகளை அழிக்கணுமா என்று பெயிண்டர் கேட்டான். பெயிண்டுக்கு அடியில் இருந்தால் வண்டிக்காரனுக்கு மூளை வளரும் என்றான்.

பேச வேண்டிய நாளுக்குச் சில வாரம் முன்பு அவள் மாறிப்போனாள். கல்லூரியிலிருந்து வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். வைத்த சாப்பாடு வைத்தபடி இருக்கும். டீ போட மறந்தாள். நான் போட்டு வைத்தால் அது ஆடை கட்டிக் கிடக்கும். ஒரு தடவை கதவுக்குப் பக்கத்தில் போய் நின்று கேட்டேன். உள்ளே பேச்சுக்குரல் இல்லை. பெட்டி இழுக்கிற சத்தமும் இல்லை. பெட்டிச் சத்தத்தைத்தான் நான் எதிர்பார்த்தேன்.

பெயிண்டர் இதையெல்லாம் கவனிக்காமல் இருப்பானா. உன் மருமக அவங்க அக்கா வீட்டுக்குப் போக ஏற்பாடு நடக்குது போல என்றான். வேலையைப் பார் என்றேன். நான் பார்த்துட்டுத்தான் இருக்கேன், நீதான் நேத்து தட்டின இடத்தையே இன்னைக்கும் தட்டிட்டு இருக்க என்றான். அவன் சொன்னது சரி. ஒரு கதவைத் தட்டித் தட்டித் தகரத்தை நீட்டிவிட்டிருந்தேன். நீண்டுபோன தகரம் தொப்பை மாதிரி உள்ளே வெளியே போய்வந்துகொண்டிருக்கும், எப்படித் தட்டினாலும் உட்காராது.

அன்று சாயங்காலம் அவள் நடுக்கதவைத் திறந்துகொண்டு பட்டறைக்கு வந்தாள். பெயிண்டர் போய்விட்டிருந்தான். கவிழ்த்துப் போட்ட டிரம் மேல் உட்கார்ந்தாள். முகம் காய்ச்சல்காரி முகம் மாதிரி இருந்தது.

“தப்பு மாமா” என்றாள்.

எது தப்பு என்றேன். அந்தத் தேற்றமே தப்பு என்றாள்.

குழுவில் இருப்பவர்களுக்கு எளிதாகப் புரியட்டும் என்று ஒரு எடுத்துக்காட்டு செய்யப் போயிருக்கிறாள். தேற்றப்படி அது நேராக வந்திருக்க வேண்டும். வளைந்து வந்தது. எடுத்துக்காட்டில்தான் எங்கோ கைதவறிவிட்டது என்று நினைத்து அத்தனை நாளும் அதைத்தான் துருவிக்கொண்டிருந்தாளாம். அதில் ஒரு தப்பும் இல்லை.

“தகட்டை ஒரு பக்கம் கொஞ்சம் தூக்குறேன். தூக்கின அதே அளவுக்கு நேரத்துலயும் நகத்துறேன். ஒண்ணு கூடுது, ஒண்ணு கழியுது. மொத்தம் பூஜ்யம். தகட்டு மேல நின்னு யார் அளந்தாலும் நேராத்தான் தெரியும். ஆனா வளைஞ்சிருக்கு மாமா. வளைவோட அளவு பூஜ்யம்னு வந்ததும் வளைவே இல்லன்னு எழுதிட்டேன். முதல் வகுப்புல பிள்ளைங்களுக்குச் சொல்றத நானே மறந்துட்டேன்.”

கை வைத்துப் பார்த்தால் தெரியாதா என்று கேட்டேன். கேட்டபோதே அது முட்டாள்தனம் என்று எனக்குத் தெரிந்தது. உங்கள் கையும் நேர் என்றுதான் சொல்லும் என்றாள். அதில் கேலி இல்லை, கேலியாவது செய்திருக்கலாம்.

இன்னும் ஒரே ஒரு வழி இருப்பதாக அவள் நினைத்தாள். எடுத்துக்காட்டு உட்கார்ந்திருந்தது சமமான வெளியில். அவள் தேற்றம் வளைந்த வெளியைப் பற்றியது. வளைந்த வெளி ஒருவேளை இந்தத் திருட்டுத்தனத்தை அனுமதிக்காமல் போகலாம். அந்த வாரம் முழுக்க அவள் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். நானும் தொங்கினேன். என்ன ஆச்சு என்று காலையில் கண்ணால் கேட்பேன், பார்க்கலாம் என்று கண்ணால் சொல்வாள். ஒருநாள் டீ போட்டு வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தேன். அங்கேயும் அதே மாதிரி வளையுது மாமா, இன்னும் அழகாக வளையுது என்றாள். அழகாம். அந்தச் சொல்லை அவள் ஏன் போட்டாள் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

இது வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். யாருக்கும் தெரியாது என்றாள். குழுவில் இருப்பவர்கள் கண்டுபிடிப்பார்களா. மாட்டார்கள், இத்தனை வருடம் எழுதியவளுக்கே தெரியவில்லை, அரைமணி நேரம் கேட்பவர்களுக்கா தெரியப்போகிறது. அப்புறம் என்ன, பேசிவிட்டு வந்துவிடு என்றேன். வேலை கையில் வந்தபிறகு ஆற அமர உட்கார்ந்து சரிசெய். நாங்கள் மட்டும் என்ன செய்கிறோம், உள்ளே பட்டி பூசி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மேலே பெயிண்ட் அடித்துக் கொடுப்பதில்லையா. வண்டி ஓடுகிறது.

வண்டி ஓடும் என்றாள். இது ஓடாது என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவள் கோபப்பட்டிருந்தால் நான் கத்தியிருப்பேன், கத்தினால் ஏதாவது ஒரு வழி பிறந்திருக்கும்.

பேசும் நாளன்று நானும் கூடவே போனேன். வேண்டாம் மாமா, உங்களுக்குப் போரடிக்கும் என்றாள். வருகிறேன் என்றேன். வழியில் அவள் மனது மாறலாம், மாறினால் நான் பக்கத்தில் இருக்க வேண்டும். என் சட்டைக் கையில் மாட்டிக்கொண்டிருந்த காய்ந்த பெயிண்டை பஸ்ஸில் அவள் நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டே வந்தாள்.

நீளமான அறை. தேய்ந்த மேசைகள். பலகையை யாரோ ஈரத்துணியால் துடைத்திருந்ததில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. முன்வரிசையில் குழுவினர், அவர்கள் முன்னால் ஒரு தட்டில் பிஸ்கட். சென்ட்டு சார் நடுவில். நான் கடைசி வரிசையில் சன்னலோரம் உட்கார்ந்தேன். பியூன் என்று நினைத்து ஒருவர் என்னிடம் தண்ணீர் கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். சண்டை போடுகிற நாளா அது.

அவள் நன்றாகப் பேசினாள். எனக்குப் புரியாது, ஆனால் ஒருவன் தன் வேலையைச் செய்யும்போது கை எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். பலகையில் கை தயங்காமல் போயிற்று. குழுவில் ஒருவர் தலையாட்டினார், ஒருவர் தூங்கினார். அரைமணி தாண்டியது. தேற்றத்தை எழுதிக் கோடு போட்டாள். சொல்லாமலே விட்டுவிடப் போகிறாள் என்று எனக்கு மூச்சு வந்தது. சாக்பீஸைக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள். பலகையில் மிச்சமிருந்த மூலையில் சின்னதாக அந்தத் தகட்டை வரைந்தாள். நான் இதுவரை சொன்னது தவறு, இதோ இது அதைத் தவறாக்குகிறது என்றாள். தூங்கியவர் விழித்துக்கொண்டார்.

என் பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

எல்லாம் முடிந்தது என்று வெளியே வந்தால், அங்கேதான் வேடிக்கை. நடைபாதையில் சென்ட்டு சார் அவளைக் கூப்பிட்டு நிறுத்தினார். என்னையும் வைத்துக்கொண்டுதான் பேசினார், என்னை ஒரு ஆளாகவே அவர் நினைக்கவில்லை. நேர்மையாகச் சொன்னதைக் குழு மெச்சுகிறது என்றார். வெளித்திசைகள் எல்லாம் கழிக்கிற திசைகள் என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்துவிட்டால் தேற்றம் சரியாகிவிடும் இல்லையா என்று கேட்டார். ஆகும் என்றாள். அப்புறம் என்ன, அந்த ஒரு வரியைச் சேர், தலைப்பு அப்படியே இருக்கட்டும், இது புதிய முடிவு என்று விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிடு, இடம் உனக்குத்தான் என்றார்.

எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. சென்ட் வாசம்கூட அந்த நிமிடம் நன்றாக இருந்தது.

“அந்த நிபந்தனையைச் சேத்தா அது ஏற்கனவே ஒருத்தர் காட்டினது சார். என்னோடது இல்ல” என்றாள்.

யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்றார் அவர். நான் அவளிடம் சொன்ன அதே நியாயம். படித்தவரும் படிக்காதவனும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறோம். அவள் கும்பிட்டுவிட்டு நடந்தாள். கையெழுத்துப் போடவில்லை. யோசித்துச் சொல்லட்டும் என்று அவர் என்னிடம் சொன்னார், அப்போதுதான் நான் அவர் கண்ணுக்குத் தெரிந்தேன்.

பஸ்ஸில் எனக்குப் பொறுக்கவில்லை. தப்பைச் சொன்னாள், சரி, அது அவள் புத்தி. சொன்னபிறகும் வேலை கையை நீட்டிக்கொண்டு வருகிறது, அதைத் தட்டிவிட்டு வருகிறாள் என்றால் என்ன அர்த்தம். ஒரே ஒரு அர்த்தம்தான் எனக்குத் தோன்றியது. மகன் போன மாதமே தோன்றியதுதான்.

“போறதுக்கு ஒரு காரணம் தேடிட்டிருந்த. கிடைச்சிருச்சு. நேரா சொல்லிட்டுப் போயிருக்கலாம், அதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய கணக்கு” என்றேன்.

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை, அழவில்லை. என்னையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்கள் நிறுத்தம் வந்தது, இறங்கினோம். வாயைத் திறந்து இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் சொன்னது தப்பு என்று நான் இன்னும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒருவர் மறுக்காதபோது வேறு எதை நம்புவது.

அதன்பிறகு அவள் எழுதவில்லை. மேசைமேல் காகிதக்கட்டு அப்படியே இருந்தது. பட்டறையில் தேய்க்கும்போது கிளம்பும் தூசி கதவிடுக்கு வழியாகப் போய் அதன்மேல் படிந்தது, அவள் துடைக்கவில்லை. வழக்கம்போல டீ போட்டாள், வழக்கம்போல வகுப்புக்குப் போனாள், மீதியிருந்த நாட்களை முடித்தாள். சத்தமாக ஒரு சண்டை நடந்திருந்தால்கூட வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருந்திருக்கும். உங்க வீட்ல என்னப்பா ரெண்டு பேரும் வாடகைக்கு இருக்குற மாதிரி இருக்கீங்க என்றான் பெயிண்டர். அவனிடமும் நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். அதனால் அவன் பேசுவது குறையவில்லை.

அவளுடைய அக்கா இருக்கும் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. சின்னப் பிள்ளைகளுக்குக் கூட்டலும் கழித்தலும். இதைச் சொன்னபோது அவள் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். விடுதலை மாதிரி ஏதாவது. அப்படியும் இல்லை, துக்கமும் இல்லை. அவளுக்குள் ஏதோ நின்றுபோயிருந்தது. பசி இல்லாதவன் சாப்பிடுகிற மாதிரி எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், ஒரு வேன் கதவின் உள்பக்கம் டாலி என்கிற இரும்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு வெளிப்பக்கம் நான் தட்டிக்கொண்டிருந்தேன். பெயிண்டர் அடுத்த தெருவுக்குப் போயிருந்தான். அவள் வந்து நின்றாள். நான் தட்டுவதை நிறுத்தும்வரை காத்திருந்தாள்.

“நீங்களும் வாங்க மாமா” என்றாள்.

சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. அவள் குரலில் ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. கடைக்குப் போகிறேன், ஏதாவது வேண்டுமா என்று கேட்பாளே, அந்தக் குரல். அக்கா வீட்டுப் பக்கத்திலேயே இரண்டு அறை பார்த்திருக்கிறேன், பின்னால் தகரக் கொட்டகை போட இடம் இருக்கிறது என்று சேர்த்துச் சொன்னாள்.

“மரியாதைக்குக் கேக்குறது எனக்குத் தெரியும்மா” என்றேன்.

“மரியாதைக்குக் கேக்கல.”

“பின்ன எதுக்கு?”

அவள் யோசித்தாள். வாயில் வருவதைச் சொல்லிவிடுகிற பெண் இல்லை அவள், அது அவளுடைய படிப்பின் கோளாறு. நான் காத்திருந்தேன். என் மகனுக்காக என்று சொன்னால் நம்பமாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாவம் பார்த்து என்றால் போகமாட்டேன். வேறு எதையாவது சொல்வாள், அதில் எங்கே ஓட்டை என்று பார்க்க நான் தயாராக நின்றேன்.

“அத உங்ககிட்ட எப்படி நிரூபிக்கிறதுன்னு எனக்குத் தெரியல மாமா” என்றாள்.

அவ்வளவுதான் பார்த்தாயா என்று எனக்குள்ளே ஒருவன் சொன்னான். தெரியவில்லை என்றால் இல்லை என்றுதான் அர்த்தம். இங்கே வேலை கிடக்கிறது, நீ போய்விட்டு வா என்று சொல்லி மறுபடி தட்ட ஆரம்பித்தேன். தட்டும் சத்தத்தில் அவள் இன்னும் ஏதாவது சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. நிமிர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது.

மறுநாள் பஸ் நிலையத்துக்குப் போனேன். பெட்டியை மேலே ஏற்றிக் கொடுத்தேன். பேசுவதற்கு நேரம் நிறைய இருந்தது, ஓட்டுநர் டீ குடித்துவிட்டு வருவதற்கு அரைமணி ஆக்கினார். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டாயா என்று கேட்டேன். எடுத்துக்கொண்டேன் என்றாள். மாத்திரையை மறக்காதீர்கள் என்றாள். அப்புறம் இரண்டு பேரும் ஓட்டுநர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவளுடைய அறையில் இப்போது பெயிண்டர் டப்பாக்களை அடுக்கியிருக்கிறான். அடுக்காதே என்று நான் சொல்லவில்லை. சொன்னால் யாருக்காக என்று கேட்பான்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிறாள். முதல் தடவை மணி அடித்தபோது, இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று நினைத்துக்கொண்டுதான் எடுத்தேன். அன்றைக்கு நிஜமாகத்தான் கூப்பிட்டாயா என்று கேட்க வேண்டும். ஆமாம் என்றால் இப்போதே கிளம்பிவிடலாம், பெரிய காரியமில்லை, ஒரு பை போதும். ஆனால் ஆமாம் என்றால் அது உண்மையா என்று எப்படித் தெரியும். கிழவன் தனியாகக் கிடக்கிறானே என்று ஆமாம் சொல்லலாம். இல்லை என்றாலும் அதேதான், நான்தான் வரமாட்டேன் என்று சொன்னேனே என்ற வருத்தத்தில் இல்லை என்று சொல்லலாம். எப்படிச் சொன்னாலும் நான் நம்பப் போவதில்லை. அப்புறம் எதைக் கேட்பது.

போன ஞாயிற்றுக்கிழமையும் செய்தாள். நல்லா இருக்கீங்களா மாமா என்றாள். இருக்கேன் என்றேன். எழுதுகிறாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். அந்தப் பக்கம் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது. அவள் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. ஏதாவது கேட்டாக வேண்டும்.

“அங்க தண்ணி ஒழுங்கா வருதா?” என்றேன்.

“வருது மாமா” என்றாள்.